இர்மெலின் நாற்பத்தொன்பதாம் நாள்

உறையின் மேல் மை வெளிறியிருந்தது. மழையில் நனைந்துவிட்டதோ என்று சயோகோ விரலால் தொட்டுப் பார்த்தாள். காகிதம் காய்ந்துதான் இருந்தது. நல்ல கையெழுத்து, தூரிகையால் நிதானமாக எழுதியது, ஆனால் மையில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டது போல ஒவ்வொரு எழுத்தும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. இழவு வீட்டுக்கு எழுதும்போதுதான் அப்படி எழுதுவார்கள். எழுதியவரின் கண்ணீர் விழுந்து மை கரைந்துவிட்டதாக ஒரு மரியாதை. உறையில் இருந்த பெயர் அவளுடையது. மினேகிஷி சயோகோ அவர்களின் குடும்பத்தாருக்கு.

ஜூன் மாதத்து மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. சமையலறை மேசையில் வாற்கோதுமைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, மாடிப்படிக்கடியில் காயப்போட்ட துணிகளின் ஈரவாடை வீடு முழுக்கப் பரவியிருந்தது, பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் சொட்டும் நீர் ஒரே இடத்தில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. சயோகோ உறையைக் கிழித்தாள். உயிரோடு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பவளின் குடும்பத்துக்குத் துக்கம் விசாரித்து யார் எழுதுவார்கள் என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

'எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா இரவு வேலைக்குப் போவார். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வீடியோ விளையாட்டைப் போட்டுவிட்டு வேண்டுமென்றே பூதத்தின் முன்னால் போய் நின்று சாவேன். செத்து எழுந்தால் நகரத்து வாசலில் இர்மெல் என்னைப் பார்த்து "வந்துட்டியா" என்பாள். அதைக் கேட்கத்தான் செத்தேன். அந்தக் குரல் போய்விட்டது. உங்கள் துயரத்தில் நானும் பங்கெடுத்துக்கொள்கிறேன்.'

சயோகோ கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது.

'அடைபட்ட நகரம்' என்கிற அந்த விளையாட்டு இருபத்திரண்டு வருடங்களாக, ஏழு பாகங்களாக வந்துகொண்டிருக்கிறது. சாபம் பிடித்த ஒரு ஊர், வெயிலே விழாத தெருக்கள், எலும்பும் தோலுமான பூதங்கள். ஆடுகிறவன் ஒரு நாளைக்கு நூறு தடவை சாவான். செத்தவன் ஒவ்வொரு முறையும் நகரத்து வாசலில்தான் கண்விழிப்பான். அங்கே மடியில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கும் வாசல்காரிதான் இர்மெல். அவளுக்குக் குரல் கொடுத்தவள் சயோகோ. முதல் பாகத்துக்கு மைக் முன்னால் நின்றபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, வீட்டில் ஒரு வயதுக் குழந்தை, விட்டுப் போன கணவன். அந்தக் குரல்தான் மகளை வளர்த்தது, இந்தச் சின்ன வீட்டை வாங்கித் தந்தது. அவளிடம் வேறு சொத்து கிடையாது.

மே முப்பதாம் தேதி ஏழாம் பாகம் வந்தது. கதையின் நடுவில் ஒரு முறை செத்து எழுந்தால் வாசல் திறந்து கிடக்கும், சாவிக்கொத்து தரையில் கிடக்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான், இர்மெல் செத்துவிட்டாள். நாடே கொந்தளித்துவிட்டது. தாடி வைத்த ஆண்கள் கேமராவுக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்கள். கம்பெனிக்காரன் நாசமாய்ப் போவான் என்று சபித்தவர்கள் ஒரு பக்கம், இதைவிடப் பெரிய கலை உண்டா என்று சண்டைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம். அவளைத் திருப்பிக் கொடு என்று மூன்று லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். வேறு சிலர் ஆட்டத்தை முடிக்கவே இல்லை. அவள் சாவதற்கு முந்தின காட்சியில் நிறுத்திவிட்டு, அந்த வாசலிலேயே அவளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சயோகோ அதையெல்லாம் படித்தாள். பெருமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள அவளுக்குக் கூச்சமில்லை.

மாலையில் சிஹோ வேலையிலிருந்து வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. குடையை உதறி வைத்துவிட்டு உள்ளே வந்தவளிடம் சயோகோ கடிதத்தை நீட்டினாள்.

"பாரு, உனக்கு வந்திருக்கு. செத்துப்போன என்னோட குடும்பத்தாருக்காம்."

சிஹோ நின்றபடியே படித்தாள். "பாவம்" என்றாள். "நல்லா எழுதியிருக்காங்க. பதில் போடாம விட்டா மரியாதையா இருக்காதும்மா."

"என்னன்னு போடுவ? அம்மா நல்லாத்தான் இருக்கா, ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கித் திங்கறான்னா?"

"போம்மா நீ." அப்போது மகள் சிரித்தாள். கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இர்மெலின் இறுதிச் சடங்கு அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, ஏழாம் பாகம் வெளிவந்த ஏழாம் நாள் நடந்துவிட்டிருந்தது. கதையில் செத்தவர்களுக்குச் சடங்கு நடத்துவது இந்த ஊரில் புதிதில்லை. கம்பெனியின் விளம்பரப் பிரிவில் கிஜிமா என்று ஒருவன், முப்பது முப்பத்தொரு வயது, சிறுவயதிலிருந்தே இர்மெல் பைத்தியம், அவன்தான் எல்லாவற்றையும் முன்நின்று செய்தான். பெரிய மண்டபம், வெள்ளைச் சாமந்தி மலை, நிஜமான கோயிலிலிருந்து நிஜமான துறவி. நாலாயிரம் பேர் கறுப்புடையில் வரிசையில் வந்து, விரல் நுனியில் சாம்பிராணிப் பொடியை எடுத்து நெற்றிக்கு உயர்த்தித் தணலில் இட்டார்கள். சயோகோவும் இட்டாள். தன் குரலுக்குத் தானே தூபம் போடுவது வேடிக்கையாக இருந்தது. அவளைக் கண்டதும் வரிசையில் நின்றவர்கள் இன்னும் பலமாக அழுதார்கள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. திரும்பும்போது வாசலில் ஆளுக்கொரு உப்புப் பொட்டலம் கொடுத்தார்கள், சாவுத் தீட்டுப் போக வீட்டுக்குள் நுழையும் முன் மேலே தூவிக்கொள்ள. பொம்மை செத்ததற்கு உப்பா என்று சயோகோ அதை ரயில் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அதற்கப்புறம் வாசல் மணிக் கருவியில்தான் முதல் கோளாறு தெரிந்தது. கூரியர்க்காரன் மணி அடித்தான். சயோகோ பொத்தானை அழுத்தி "இதோ வரேன்" என்றாள். அவன் திரையில் நின்றுகொண்டு, நெற்றி மழைநீரைத் துடைத்தபடி, "யாராவது இருக்கீங்களா?" என்றான். அவள் மறுபடி சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுச் சீட்டை ஒட்டிப் போனான். அடுத்த நாளும் அப்படியே. கருவி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஊறுகாய் விளம்பரம் ஒன்றுக்குக் குரல் கொடுக்கப் போனாள். ஒலிப்பதிவுக்காரர் ஓகுரா பதினைந்து வருடப் பழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டினார், அவள் படித்தாள், முடித்தாள், தாளைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்தாள்.

"நீங்க எப்ப ரெடியோ சொல்லுங்க மேடம்."

"இப்பதானே படிச்சேன்."

"மேடம்? கேக்குதா?"

திரையில் குரல் அலை எழும்ப வேண்டிய இடத்தில் கோடு நேராகக் கிடந்தது. மைக்கை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள். மூன்றாவது முறை ஏதோ பதிவானது. ஓகுரா கழுத்தைச் சொறிந்துகொண்டு, "தூரத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றார். சயோகோ ஹெட்போனைப் போட்டுக் கேட்டாள். அவள் குரல்தான், ஆனால் பக்கத்து வீட்டுச் சமையலறையில் யாரோ பேசுவது போல மெலிந்து கேட்டது. அதற்கும் அடியில், மிக மெதுவாக, நிறைய வாய்கள் ஒரே நேரத்தில் ஏதோ முணுமுணுத்தன. ஓகுராவுக்கு அது கேட்கவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

மருத்துவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இருபது வயதுப் பெண்ணின் தொண்டை மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். சயோகோவுக்கு அது ஆறுதலாக இல்லை. வியாதி என்றாலாவது மருந்து இருக்கும்.

ஒரு விஷயத்தை அவள் கவனித்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்குத் தொண்டை அரித்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும், தெருமுனைப் பள்ளியில் ஆறு மணிப் பாட்டு ஒலிக்கும், ரயில் கடக்கும் இடத்தில் மணி கிணுகிணுக்கும். அந்த நேரத்தில் சரியாகத் தொண்டைக்குழியில் ஒரு நூலைப் பிடித்து யாரோ இழுப்பது போல இருக்கும். வலி இல்லை. இழுபடும், நின்றுவிடும். ஐந்து நிமிடம். அப்புறம் அவள் பேசிப் பார்ப்பாள், முந்தின நாளைவிடக் குரல் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன, நாளுக்கு நாற்பது, ஐம்பது. எல்லாம் வெளிறிய மை. ஒன்றில் மட்டும் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'எனக்குக் கிடைத்த வரியைத் தினமும் ஆறு மணிக்குத் தவறாமல் சொல்லிவருகிறேன்.' சயோகோ அந்த வாக்கியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணினியைத் திறந்து தேடினாள்.

தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இர்மெல் பேசியது மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று அறுபது வரிகள், மூச்சு, இருமல், சிரிப்பு உட்பட. ரசிகர்கள் அத்தனையையும் பட்டியல் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வரி. மந்திரத்துக்குப் பதிலாக அந்த வரியைத் தினமும் ஆறு மணிக்குச் சொல்ல வேண்டும். செத்தவரின் ஆவி நாற்பத்தொன்பது நாள் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகுதான் கிளம்பும். கிளம்பிய பின் அவர் புழங்கிய பொருள்களை வேண்டியவர்கள் நினைவாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். இர்மெலுக்குக் குரல் தவிர வேறு பொருள் இல்லை. ஆகவே நாற்பத்தொன்பதாம் நாள் அவரவர் வரி அவரவருக்கே சொந்தம். பட்டியலில் காலியிடம் ஒன்றுகூட இல்லை.

கீழே அவர்கள் பேசிக்கொண்டதைப் படித்தாள்.

'எனக்கு இருமல்தான் கெடச்சது. மூணாம் பாகம், மழைக் காட்சி. அது போதும்.'

'நீயாவது பரவால்ல, எனக்கு வெறும் மூச்சு. ஆனா நல்ல மூச்சு.'

'நேத்து சொல்றப்ப என் குரல் மாதிரியே இல்லடா. அடுத்த ரூம்ல இருந்து எங்கம்மா யாரு வந்திருக்கான்னு கேட்டாங்க.'

'எங்க வீட்லயும்.'

'எங்க வீட்லயும்.'

அந்த ஒரே பதில் பக்கம் பக்கமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. சயோகோ கணினியை மூடினாள். வீட்டில் சாம்பிராணி வாடை அடித்தது. அவள் வீட்டில் பூசை மாடமே கிடையாது.

கிஜிமாவுக்குப் போன் செய்தாள். நாற்பத்திரண்டாம் நாள் அது. மூன்று முறை கத்திய பிறகுதான் அவன் பேசினான்.

"மேடம், லைன் விட்டு விட்டு வருது. சொல்லுங்க."

"அந்தக் கோயில்ல என்ன எழுதிக் கொடுத்தீங்க? இர்மெல் பேருல என்ன எழுதுனீங்க?"

அவன் உற்சாகமாகவே சொன்னான். கோயிலில் வைத்துத் தூபம் போடுகிற, செத்தவரின் பெயர்ப்பலகையை எழுத வேண்டும் என்றால் பிறந்த தேதி, வயது, ஊர், குடும்பப் பெயர் எல்லாம் கோயில் படிவத்தில் கேட்டார்களாம். இர்மெலுக்கு அதெல்லாம் ஏது? காலியாக விட்டால் அரைகுறையாக இருக்கும், சடங்கை விளையாட்டாகச் செய்தது போல ஆகிவிடும் என்று இரவெல்லாம் யோசித்தானாம். "இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு உசுர் கொடுத்தது நீங்கதானே மேடம். அதனால உங்க விவரத்தையே எழுதிட்டேன். ஒரு மரியாதையா இருக்கட்டும்னு."

சயோகோ கத்தினாள். திட்டினாள், அழுதாள்.

"மேடம்? இருக்கீங்களா? ஹலோ?" அவன் கொஞ்சம் காத்திருந்தான். அப்புறம் போனை வைக்காமலே, பக்கத்தில் யாரிடமோ, குரல் தழுதழுக்கச் சொன்னான். "அவங்கதான். ஒரு நிமிஷம் அவங்க குரல் கேட்டுச்சு."

மறுநாள் கோயிலுக்குப் போனாள். மழைக்கு நடுவே சற்று வெயில் அடித்து, ஈரக் கல்லிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது, சுவர் ஓரத்து நீலப்பூக்களில் வண்டு ரீங்கரித்தது. துறவி நடுவயதுக்காரர், வியர்வையைத் துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். இருக்கை காட்டினார், தேநீர் ஊற்றி வைத்தார். குரல் வராது என்று தெரிந்து அவள் நோட்டில் எழுதி நீட்டினாள். 'நான்தான் மினேகிஷி சயோகோ. நான் சாகவில்லை. படிவம் தப்பு. பலகையை எடுத்துவிடுங்கள்.'

அவர் படித்துவிட்டு, அவளைப் பரிவோடு பார்த்தார்.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார். "இந்த நாற்பத்தொன்பது நாள்ல வந்து, நான் சாகல, ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு. எத்தனை பேரைப் பாத்திருக்கேன். பயப்படாதீங்க."

அவள் மேசையை அறைந்தாள். தேநீர் தளும்பியது. அவர் துண்டால் அதைத் துடைத்தார்.

"உங்க வீட்டு ஆள் யாராவது வந்து, இவங்க உசுரோட இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உடனே எடுத்துடறேன். பதினேழாம் தேதி, நாற்பத்தொன்பதாம் நாள், மத்தியானத்துக்குள்ள. அதுக்கப்புறம் வெள்ளைப் பலகையை எரிச்சுட்டு, அரக்குப் பூசினதை நிரந்தரமா வெச்சுடுவோம். அப்புறம் என் கையில இல்ல."

அவருக்குப் பின்னால் சாம்பிராணிப் புகைக்குள் அந்த வெள்ளைப் பலகை நின்றது. அதன் பின்பக்கம் இவள் பக்கமாகத் திரும்பியிருந்தது, அதில் எழுதியிருந்தது: மினேகிஷி சயோகோ, வயது ஐம்பத்து நான்கு.

ஒரு வார்த்தை. சிஹோ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரயிலில் வீடு திரும்பும்போது சயோகோவுக்கு உயிர் திரும்பி வந்தது. மகள்தானே, கூடவே இருப்பவள்தானே, பெற்ற வயிறு சொன்னால் கேட்காமலா போவாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சிஹோ அவளிடம் கடைசியாகப் பேசியது எப்போது? தினமும் மாலை வருகிறாள். சயோகோ "வந்துட்டியா" என்கிறாள். மகள் தலையைச் சாய்த்து, ஏதோ காதில் விழுந்தது போல நின்று, பிறகு மாடி ஏறிப்போகிறாள். வேலைக் களைப்பு என்று இவளும் விட்டுவிட்டிருந்தாள். மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்று மாலை சயோகோ காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள். மை நல்ல கறுப்பு. 'நான் உயிரோடு இருக்கிறேன். கோயிலுக்கு வந்து சொல். 17க்குள்.' சிஹோ உள்ளே நுழைந்ததும் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

சிஹோ படித்தாள். எழுத்தை விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து தாயின் கண்ணை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது.

"உன்னை நல்லாத் தெரியுதும்மா" என்றாள். "உன் குரல்தான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. எவ்வளவு யோசிச்சாலும் வரல."

சயோகோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். தாளைக் காட்டினாள். மறுபடி காட்டினாள்.

"தெரியும்மா. ஆனா எத்தனை பேர் எழுதியிருக்காங்க பாத்தியா? எவ்வளவு மரியாதையா அழறாங்க? அவங்ககிட்டப் போய், இல்ல, எங்கம்மா இருக்காங்கன்னு நான் எப்படிச் சொல்றது? அவங்க மனசு என்ன பாடுபடும்?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு. நீயும் கோவிச்சுக்காம கெளம்பணும்."

மகள் படுக்கப் போன பிறகு சயோகோ சுவர் அலமாரியைத் திறந்தாள். மெத்தை வைக்கிற இடம் முழுக்கப் பெட்டிகள். அடிமுதல் நுனிவரை. பச்சைத் தேயிலைப் பெட்டிகள், வெள்ளைத் தாள் சுற்றி, கறுப்புக் கயிறு கட்டியவை. துக்கம் விசாரித்தவர்களுக்குச் செத்தவர் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பும் மரியாதை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு அச்சடித்த அட்டை. 'எங்கள் தாயார் சயோகோவின் மறைவையொட்டி.' கீழே சிஹோவின் கையெழுத்து. பக்கத்தில் தபால் ரசீதுகள், முதல் கட்டை அனுப்பியதற்கான முத்திரையில் தேதி ஜூன் பதினெட்டு.

முதல் கடிதத்தைப் படித்துவிட்டு மகள் சிரித்த அதே வாரம்.

சயோகோ தேயிலை வாடைக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். பெற்ற மகளை நினைத்து வாய்விட்டு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. மூச்சு போய் வரும் சத்தம்கூட இல்லை.

ஜூலை பதினாறாம் தேதி மறுபடி கோயிலுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். கை வலித்தது. கதவு ஒலிக்கவில்லை.

பதினேழாம் தேதி. மழை.

மத்தியானம் பன்னிரண்டுக்கு வாசல் மணி அடித்தது. சிஹோ கறுப்பு உடையில் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் முத்து மாலை, கையில் செபமணி. கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். சயோகோ மகளுக்குப் பின்னால் நடையில் நின்று வெளியே பார்த்தாள்.

குடைகள். எல்லாம் கறுப்பு. வாசலில் தொடங்கி, தெரு முழுக்க, ரயில் கடக்கும் இடம் வரைக்கும். குடைத் துணியில் மழை விழும் சத்தம் மட்டும்.

முதலில் வந்தவன் பருத்த ஆள். தாடி. நனைந்த காலுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தான்.

"எனக்கு அஞ்சாம் பாகத்துச் சிரிப்புங்க" என்றான் கூச்சத்தோடு. வாயைத் திறந்தான்.

சயோகோவின் சிரிப்பு வந்தது. நாற்பத்து மூன்று வயதுச் சிரிப்பு. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், நடுவில் ஒரு விக்கல் விழும். விக்கலும் விழுந்தது. அவள் தொண்டைக்குள் ஏதோ ஒன்று வேரோடு கழன்றது.

அடுத்தவள் செவிலி உடையில் வந்தாள். "கதவைச் சாத்தாதே." கழன்றது.

அடுத்தவன் மாணவன். ஒரு இருமல். கழன்றது.

ஒரு பெரியவர். ஒரு பெருமூச்சு.

ஒரு பெண். ஒரு பெண். ஒரு ஆண்.

சிஹோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"இப்ப ஞாபகம் வருது" என்றாள். "ஆமா. இப்படித்தான் பேசுவாங்க."

சயோகோ மகளின் முன்னால் போய் நின்றாள். முகத்தைக் கையில் ஏந்தினாள். இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. எந்தப் பாகத்திலும் இல்லாதது, எந்தத் தாளிலும் எழுதப்படாதது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், ஈரமான ஒரு சின்ன நெற்றியில் வாய் வைத்துச் சொன்ன பெயர். அதை யாரும் பட்டியல் போட்டிருக்க முடியாது. அது அவளுடையது.

மூச்சை இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கிழியக் கத்தினாள்.

ஒன்றுமில்லை.

வெளியே, மழையில், குடைகளுக்குக் கீழே, அத்தனை வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

"சிஹோ!"

ஒரே குரல். அவள் குரல். கடைசி எழுத்தில் உடையும் அதே அலறல், ரயில் கடக்கும் இடம் வரைக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் வாய்கள் மூடிக்கொண்டன. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சத்தம் போட்டதற்குத் தலை குனிந்தார்கள்.

சிஹோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாயைச் சுற்றிக்கொண்டு போய், வாசலில் மண்டியிட்டு, தெருவில் நின்ற எல்லோரையும் வணங்கி நன்றி சொன்னாள். பிறகு அடுத்தவருக்கு வீட்டுச் செருப்பை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"மழையில நிக்காதீங்க" என்றாள். "ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."